ஹாலும் ரூட்டும்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் தெருப் பிள்ளைகள் கட்-ஆஃப் கணக்கோடு என்னிடம் வருவார்கள். மகளிர் விடுதியில் வார்டனாக இருந்து ரிட்டையர் ஆனவளுக்குக் கல்லூரிகளின் சங்கதி எல்லாம் தெரியும் என்று நினைப்பு. "எந்த காலேஜ் ஆன்ட்டி ஜாலியா இருக்கும்?" என்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே படிக்கிற பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று விசாரித்து வா, பதில் கிடைக்கும் என்பேன். பழைய கல்லூரிகளின் குணமெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

சென்னைக் கிறித்துவக் கல்லூரி பாரிமுனைப் பக்கம் இருந்துவிட்டு 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. மின்சார ரயில் 1931லேயே ஓடத் தொடங்கிவிட்டது. பட்டணம் போய்வருவது சிரமமில்லை. ஆனாலும் முந்நூற்றுச் சொச்சம் ஏக்கர் புதர்க்காட்டில் சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்று மூன்று ஹால்களைக் கட்டி, பிள்ளைகளை அங்கேயே தங்கவைத்தார்கள். எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் மரம் நட்டுக் காட்டை வளர்த்தார். அங்கே படித்த இரண்டு பேர் சந்தித்தால் "எந்த டிபார்ட்மென்ட்?" என்பதற்கு முன்னால் "எந்த ஹால்?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள்.

1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தங்கிப் படிக்கிற இடம்தான். வயல்வெளிக்கு நடுவே மாலையில் போவதற்கு வேறு போக்கிடம் இல்லை. பேச்சும் விவாதமும்தான் பொழுதுபோக்கு. திராவிட இயக்கத் தலைவர்கள் நெடுஞ்செழியனும் அன்பழகனும் அங்கே படித்தவர்கள். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான ராஜேந்திரனும் அந்தப் பல்கலைக்கழக மாணவர். அதற்காக, தங்கிப் படித்த காலமெல்லாம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து விடுதிகள் பலவற்றில் சாதிக்கொரு பந்தி.

பெண்கள் கதை வேறு. 1914இல் டோரதி டி லா ஹே முதல்வராக இருந்து தொடங்கிய ராணி மேரிக் கல்லூரிக்கு எதிரே மெரினா. ஆனால் நான் வேலை பார்த்தது உட்பட எந்த மகளிர் விடுதியானாலும், இருட்டுவதற்குள் கேட்டைப் பூட்டிவிட்டு அட்டெண்டன்ஸ் எடுப்போம். ஆகவே சிநேகமெல்லாம் மொட்டைமாடியிலும் துணி உலர்த்தும் கொடியடியிலும்தான். 2003இல் ராணி மேரிக் கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்ட அரசு கிளம்பியபோது, அந்த மாணவிகள் வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். வெளியே விடாமல் வளர்த்த பெண்களை வெளியே போகச் சொன்னால் போவார்களா?

மாநிலக் கல்லூரிக்குத் திருவல்லிக்கேணியில் விக்டோரியா விடுதி உண்டு. இருந்தாலும் அங்கேயும் பச்சையப்பன் கல்லூரியிலும் பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்துபோகிறவர்கள். மணியடித்தால் கல்லூரியில் அவர்களுக்கு இடமில்லை. எனவே மாநகரப் பேருந்தையே ஹாலாக்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு தடமும் ஒரு 'ரூட்டு'. அதற்கொரு 'ரூட்டு தல'. தகரத்தில் தாளம் தட்டிக் கானா. அப்பா ஆட்டோ ஓட்டுகிற பையனுக்கும் சேர்ந்த முதல் நாளே நாற்பது சிநேகிதர்கள், விடுதிக் கட்டணம் இல்லாமல். பிறகு பேருந்தை மறித்துக் கொண்டாடும் பஸ் டே வந்தது, ரூட்டுகளுக்கிடையே சண்டையில் கத்தியும் வந்தது, பஸ் டேவுக்கு நீதிமன்றத் தடையும் வந்தது.

என் ஹால், என் ரூட்டு என்கிற வீம்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான். தாம்பரத்தில் அதற்கு மைதானமும் மேடையும் கோப்பையும் கொடுத்தார்கள். நகரத்துக் கல்லூரிகளில் அதைப் போலீஸிடம் விட்டுவிட்டு, பிள்ளைகள் சரியில்லை என்கிறோம்.