குடியேறி வந்த ஆளுநர்: ஜோன் பீற்றர் ஆல்ற்கெல்ட்

ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பு, பிறநாட்டவராகப் பிறந்து பின்னர் குடியுரிமை பெற்றோருக்குச் சனாதிபதி, உபசனாதிபதி என்னும் இரு பதவிகளை மாத்திரமே மறுத்துள்ளது. ஏனைய பதவிகள் யாவும் அவர்களுக்குத் திறந்தவையே. அவற்றுள் மாநில ஆளுநர் பதவி சிறப்பானது. நமது நாட்டில் ஆளுநர் என்றால் மேலிடத்தால் நியமிக்கப்படுபவர். அமெரிக்க மாநிலங்களிலோ ஆளுநரைத் தெரிவு செய்வோர் மக்களே. மாநில அரசாங்கத்தின் தலைமை அவரிடம் உள்ளது. சட்டமூலங்களைத் தடுத்து நிறுத்தும் உரிமையும் அவருக்கு உண்டு. இலினோய் மாநிலத்தில், சிறைப்பட்டோரை மன்னித்து விடுவிக்கும் அதிகாரமும் அவரிடமே இருந்தது. பிறநாட்டிற் பிறந்த ஒருவர் முதன்முறையாக அம்மாநிலத்தில் இப்பதவியை ஏற்றது 1893ஆம் ஆண்டிலாகும். அவரே ஜோன் பீற்றர் ஆல்ற்கெல்ட்.

1847 டிசம்பர் 30இல் ஜேர்மனியின் நசாவ் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தில் அவர் பிறந்தார். கைக்குழந்தையாகவே பெற்றோருடன் கடல் கடந்து ஒஹாயோ மாநிலத்தின் பண்ணையொன்றிற் குடியமர்ந்தார். வீட்டில் வழங்கியது ஜேர்மன் மொழி. எழுத்தறிவில்லாத தந்தையார் மகனின் படிப்பை வீண் செலவென்றே கருதினார். பதினாறு வயதில், உள்நாட்டுப் போரின்போது, ஒஹாயோப் படைப்பிரிவொன்றிற் சேர்ந்து வடபகுதிக்காகச் சேவை புரிந்தார். போர் முடிந்தபின் பள்ளி ஆசிரியரானார். பின்னர் மேற்கு நோக்கிப் பெரும்பாலும் கால்நடையாகவே சென்று, ஆர்க்கன்சாவில் இரயிற்பாதைக் கூலியாக உழைத்தார். காய்ச்சலால் மெலிந்து மிசூரி மாநிலத்தை அடைந்தார். அங்கே சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1875இற் சொற்பப் பணத்துடன் சிக்காகோவுக்கு வந்தவர், நிலமும் கட்டடமும் வாங்கி விற்றுப் பெருஞ் செல்வரானார். பதினாறு மாடிகளைக் கொண்ட 'யூனிற்றி' மாளிகையை எழுப்பியபோது, அதுவே தம் வாழ்நாளின் பெருஞ் சாதனையென அவர் எண்ணியிருத்தல் கூடும்.

செல்வம் சேர்த்த அக்காலத்திலேயே, 1884இல், தண்டனை முறையைப் பற்றி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். சிறைகளை நிரப்புவோர் பெரும்பாலும் ஏழைகளே என்பதும், சிறை குற்றத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் குற்றவாளிகளை ஆக்குகிறது என்பதும் அதன் வாதம். பிற்காலத்திற் புகழ்பெற்ற வழக்கறிஞரான கிளாரன்ஸ் டாரோ, ஒஹாயோவின் சிற்றூரொன்றில் இருந்தபோது இதனைப் படித்து, ஆல்ற்கெல்டைத் தேடி வந்து நண்பரானார். 1886 முதல் 1891 வரை ஆல்ற்கெல்ட் குக் மாவட்ட உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கினார்.

அவரை ஆளுநராக்கிய காரணங்களுள் ஒன்று நம்மவர் சிந்தனைக்குரியது. 1889இல் இலினோய்ச் சட்டசபை கட்டாயக் கல்விச் சட்டமொன்றை நிறைவேற்றியது. சமயச் சபையார் நடத்திய பாடசாலைகளிலும் முக்கிய பாடங்களை ஆங்கிலத்திலேயே கற்பித்தல் வேண்டும் என்பது அதன் விதி. தாய்மொழியிற் பிள்ளைகளைக் கற்பித்து வந்த ஜேர்மன் குடிமக்கள் கொதித்தெழுந்தனர். சமயத்தால் வேறுபட்ட லூதரன் சபையாரும் கத்தோலிக்கரும் இவ்விடயத்தில் ஒன்றுபட்டனர். 1892 தேர்தலில் ஜனநாயகக் கட்சி ஆல்ற்கெல்டை நிறுத்தியது. ஏறத்தாழ 23,000 வாக்குகளால் அவர் வென்றார். அடுத்த ஆண்டே அச்சட்டம் நீக்கப்பட்டது.

பதவியேற்றபோது அவர் மேசையிற் காத்திருந்தது வேறொரு விடயம். 1886 மே 4இல் சிக்காகோவின் ஹேமார்க்கற் சந்தியில், எட்டு மணிநேர வேலை இயக்கத்தையொட்டித் தொழிலாளர் கூட்டமொன்று நடைபெற்றது. அதனைக் கலைக்க வந்த பொலிசார்மீது யாரோ குண்டெறிந்தனர். பொலிசார் எழுவர் மாண்டனர். எறிந்தவர் யாரென்பது இன்றளவும் தெரியாது. எனினும் அரசின்மைக் கொள்கையினர் எண்மர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுள் அறுவர் பிறநாட்டிற் பிறந்தோர். அந்த அறுவருள் ஐவர் ஜேர்மானியர். எழுவருக்கு மரண தண்டனையும் ஒருவருக்குப் பதினைந்தாண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. 1887 நவம்பர் 11இல் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் அதற்கு முன்னாள் சிறையிலே உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சிய பீல்டன், சுவாப், நீபி மூவரும் சிறையில் இருந்தனர். மே தினம் கொண்டாடும் நாடுகளில் எல்லாம் இவ்வழக்கின் நினைவு இன்றும் பேணப்படுகிறது.

இம்மூவரையும் விடுவிக்குமாறு பல்லாயிரவர் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஆளுநரிடம் சென்றது. ஒப்பமிட்டோருள் நகரப் பிரமுகர் பலரும் இருந்தனர். எனவே, 'தண்டனை போதும், கருணை காட்டுகிறேன்' என இரண்டு வரி எழுதியிருப்பாராயின் பெரும் பகை எழுந்திராது. அதனை அவர் செய்யவில்லை. மாதக்கணக்காக வழக்கேடுகளைத் தாமே படித்தார். 1893 ஜூன் 26இல் மூவரையும் முழுமையாக மன்னித்து, அதற்கான காரணங்களை நீண்டதோர் அறிக்கையாக வெளியிட்டார். யூரிமார் திருவுளச்சீட்டால் அன்றி, தனியே நியமிக்கப்பட்ட அலுவலர் ஒருவராற் பொறுக்கி அழைக்கப்பட்டனர்; தமக்கு முன்முடிவு உண்டெனத் தாமே ஒப்புக்கொண்டோரும் யூரியில் அமர்த்தப்பட்டனர்; குண்டெறிந்தவர் யாரென்றே தெரியாதபோது, அவர் இவர்தம் சொற்கேட்டு எறிந்தார் என்பதற்குச் சான்றில்லை; நீதிபதி கேரி பக்கச்சார்பாக நடந்தார் என அவ்வறிக்கை வாதிட்டது. சுருங்கக் கூறின், இவர்கள் கருணைக்குரியோர் அல்லர், நீதி மறுக்கப்பட்டோர் என்றார்.

ஆல்ற்கெல்டை வீழ்த்தியது மன்னிப்பு அன்று, இக்காரணங்களே. கருணையை ஏற்கத் துணிந்த நகரம், தன் நீதிமன்றம் தவறியது என்பதைக் கேட்கத் துணியவில்லை. பத்திரிகைகள் அவரை அரசின்மைவாதி என்றன. பிறப்பாலும் எண்ணத்தாலும் அந்நியர் என்றன. வடபகுதிக்காகப் படைச்சேவை புரிந்த மனிதர் ஒரே வாரத்தில் மீண்டும் வந்தேறியாயினார்.

அவர்மீது குறைகூறவும் இடமுண்டு. 1887இல் நால்வரின் உயிர் ஊசலாடியபோது, நீதிபதியாக இருந்த அவர் பகிரங்கமாக எதுவும் பேசவில்லை. கேரிமீது அவருக்குச் சொந்த மனக்கசப்பு இருந்தது என்பாரும் உளர். அவ்வாறிருப்பினும் அறிக்கையின் வாதங்கள் அதனால் வலுக்குன்றவில்லை. அவை வழக்கேட்டையே ஆதாரமாகக் கொண்டவை.

1893இல் பெண்களுக்கு எட்டு மணிநேர வேலை வரம்பும் சிறுவர் உழைப்புக்குக் கட்டுப்பாடும் விதித்த தொழிற்சாலைச் சட்டத்திற்கு அவர் ஒப்பமளித்து, புளோரன்ஸ் கெலி என்னும் பெண்மணியைத் தலைமைப் பரிசோதகராக நியமித்தார். எட்டு மணிநேர விதியை மாநில உயர்நீதிமன்றம் 1895இல் தள்ளுபடி செய்தது.

1894இற் புல்மன் இரயிற்பெட்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் நாடெங்கும் இரயிற் போக்குவரத்தை முடக்கியது. மாநில ஆளுநரோ சட்டசபையோ கேளாதிருக்கவே சனாதிபதி கிளீவ்லண்ட் மத்திய படையைச் சிக்காகோவுக்கு அனுப்பினார். ஆல்ற்கெல்ட் ஜூலை 5இற் கடுமையான தந்தி அனுப்பினார்: அமைதி காக்க மாநிலப் படை ஆயத்தமாயுள்ளது, கேளாமலே படையனுப்புதல் மாநிலத்தின் தன்னாட்சி உரிமையை மீறுவதாகும் என்பது அதன் சாரம். மறுநாள் மேயர் வேண்டியபோது மாநிலப் படையைத் தாமே அனுப்பினார் என்பதனைப் பகைவர் நினைவுகூரவில்லை. உச்ச நீதிமன்றம் 1895இல் மத்திய அரசின் நடவடிக்கையையே ஆதரித்தது.

ஆனால் அடுத்த ஆண்டு அவரது கட்சி அவர் பக்கம் திரும்பியது. 1896இற் சிக்காகோவிற் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் பெருஞ் செல்வாக்குடன் திகழ்ந்தார். உள்ளூர் விடயங்களில் மத்திய அரசு தலையிடுவதைக் கண்டிக்கும் வாசகம் கட்சியின் கொள்கைப் பிரகடனத்தில் இடம்பெற்றது. சனாதிபதி வேட்பாளராக அவரை நிறுத்தும் பேச்சே எழவில்லை. பிறந்த இடம் அதனைத் தடுத்தது. வேட்பாளரானவர் பிரையன். அவ்வாண்டுத் தேர்தலிற் பிரையன், ஆல்ற்கெல்ட் இருவரும் தோற்றனர். ஆயினும் இலினோயிற் பிரையனைவிட ஆல்ற்கெல்டுக்கே சில ஆயிரம் வாக்குகள் கூடுதலாகக் கிடைத்தன.

1897 ஜனவரியிற் புதிய ஆளுநர் ரானர் பதவியேற்றபோது, விலகிச் செல்லும் ஆளுநர் வழமையாக ஆற்றும் பிரியாவிடையுரை ஆல்ற்கெல்டுக்கு மறுக்கப்பட்டது. யூனிற்றி மாளிகையும் கைவிட்டுப் போயிற்று. 1899இற் சிக்காகோ மேயர் தேர்தலிலும் தோற்று, டாரோவின் சட்ட நிறுவனத்திற் சேர்ந்தார். 1902 மார்ச்சில் ஜோலியற் நகரில், தென்னாபிரிக்காவின் போவர் மக்களுக்காகப் பேசிய கூட்டத்தில் மயங்கி வீழ்ந்து, மறுநாள் 12ஆம் திகதி காலமானார். இறுதிச் சடங்கில் டாரோவும் ஜேன் அடம்சும் உரையாற்றினர். 1915இற் சிக்காகோவின் லிங்கன் பூங்காவில் அவருக்குச் சிலையெடுத்தனர்.