உழைச்செல்வானின் நான்காம் தகுதி: தாதிமை ஆய்வுப் பட்டம் வந்த வழி

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டி நிறைவு பெறுகிறது. நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, நோயாளியின் அருகிருந்து தொண்டு செய்பவனையும் வள்ளுவர் ஒரு கூறாக எண்ணுகிறார். அவனை 'உழைச்செல்வான்' என்கிறார். 'உழை' என்பதற்குப் பக்கம் என்று பொருள். இக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், நான்கு கூறுகளுக்கும் நந்நான்கு தகுதிகள் வகுக்கிறார். உழைச்செல்வானுக்கு அவர் கூறுபவை, நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களில் தூய்மை, சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் திறன், அறிவுடைமை என்பனவாகும்.

தாதியர் கல்வியின் வரலாற்றை இந்நான்கு தகுதிகளைக் கொண்டே நாம் விளக்கிவிடலாம். முதல் மூன்றையும் உலகம் தாதியரிடம் தொடக்கம் முதலே எதிர்பார்த்தது. நான்காவதை ஒப்புக்கொள்ள அதற்கு நெடுங்காலம் ஆயிற்று. தாதி ஒருவர் தம் துறையிலேயே ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெறலாம் என்னும் நிலை, அவ்வொப்புதலின் மிக அண்மைக்காலப் படியாகும்.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை நாம் கைவிளக்கோடு மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். கிரிமியப் போரில் மாண்ட படைவீரர்களின் கணக்கை ஆராய்ந்து, காயத்தால் இறந்தோரைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தோரே மிகுதி என்பதை வரைபடமாக நிறுவியவரும் அவரே. 1858இல் லண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது. 1860இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. அதன் வழியில் பல நாடுகளில் எழுந்த பள்ளிகளோ மருத்துவமனைகளின் தேவைக்குக் கட்டுப்பட்டவையாயின. மாணவியரின் உழைப்பைக் கொண்டே நோயாளர் கூடங்கள் நடந்தன. வேலை போக எஞ்சிய நேரமே பாடத்திற்குக் கிடைத்தது. எண்ணிக் கணக்கிட்டுக் கேள்வி எழுப்பிய நைட்டிங்கேல் மறக்கப்பட்டார். பணிந்து நடக்கும் தாதியே முன்மாதிரியாக நிறுத்தப்பட்டார்.

மாற்றம் பல்கலைக்கழகங்களின் வழியே வந்தது. 1907இல் மேரி அடிலெய்ட் நட்டிங், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியரானார். அத்தகைய பதவியை ஏற்ற முதல் தாதி அவரே. 1923இல் யேல் பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பள்ளி உருவாயிற்று. 1946இல் டில்லியிலும் வேலூரிலும் தாதிமையில் இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. 1956இல் எடின்பரோ பல்கலைக்கழகம் தாதிமைக்கெனத் தனிப் பிரிவைத் திறந்தது. எனினும், முனைவர் பட்டம் நாடிய தொடக்ககாலத் தாதியர் பலர் கல்வியியல், சமூகவியல் போன்ற பிற துறைகளிலேயே அதனைப் பெற வேண்டியிருந்தது. தாதிமைக்கென்று தனி அறிவு உண்டா என்ற ஐயம் அப்போதும் நீங்கவில்லை.

அந்த ஐயத்திற்கு விடை நோயாளியின் கட்டிலருகே கிடைத்தது. படுத்த படுக்கையாயிருக்கும் முதியோருக்கு உண்டாகும் படுக்கைப்புண்ணைத் தடுக்க, அவர்களுடைய தோலில் சோப்பும் சாராயமும் பிறவும் தேய்ப்பது பல தலைமுறைகளாகத் தாதியர் கடைப்பிடித்த வழக்கம். டோரீன் நார்ட்டன் என்னும் ஆங்கிலேயத் தாதி, இருவருடன் சேர்ந்து இதனை ஆராய்ந்து 1962இல் அறிக்கை வெளியிட்டார். எதைத் தேய்க்கிறோம் என்பதைவிட, நோயாளியைக் குறித்த நேரத்தில் புரட்டிப் படுக்க வைப்பதே புண்ணைத் தடுக்கிறது என்று அவ்வாய்வு காட்டிற்று. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், கழிவை அடக்கும் திறன் ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் இட்டு, மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழாயின் புண் உண்டாகும் அபாயம் உண்டு என அறியும் அளவையும் அதில் பிறந்தது. சொல்லியவாறே செய்யும் மூன்றாம் தகுதி மட்டும் போதும் என்றிருந்தால், தேய்ப்பது இன்றும் தொடர்ந்திருக்கும்.

தாதியரின் கல்வியே உயிர்காக்கும் என்பதையும் ஆய்வு காட்டியுள்ளது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தாதிமைப் பேராசிரியர் லிண்டா ஐக்கன் தலைமையிலான குழு, ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டது. பட்டம் பெற்ற தாதியரின் விகிதம் 10 விழுக்காட்டுப் புள்ளி உயரும்போது, நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்து காணப்பட்டது. தாதி ஒருவருக்கு மேலும் ஒரு நோயாளி கூடியபோது அவ்வாய்ப்பு 7 விழுக்காடு உயர்ந்திருந்தது.

நம் சிங்கப்பூரில், 1885 ஆகஸ்ட் 1ஆம் நாள் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் பொது மருத்துவமனையில் தாதியராகப் பணியேற்றனர். அந்நாளையே நாம் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். 1956இல் தாதியர் பள்ளி அமைந்தது. 1992இல் அக்கல்வி நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு மாறிற்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2005இல் ஆலிஸ் லீ தாதிமைக் கல்வி நிலையம் உருவாகி, அடுத்த ஆண்டு இளநிலை வகுப்பைத் தொடங்கியது. கன்னியாஸ்திரீகள் பணியேற்றதற்கும் இதற்கும் இடையே 120 ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. இன்று அங்கே முனைவர் பட்ட ஆய்வுக்கும் வழியுண்டு.

ஆய்வுப் பட்டம் என்பது மேலும் சில பாடங்களைக் கற்றுத் தேர்வெழுதுவதன்று. இதுவரை விடை காணப்படாத ஒரு கேள்வியைத் தேர்ந்து, முன்னோர் கண்டவற்றைச் சீர்தூக்கி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்று, தரவு திரட்டி, கண்ட முடிவைத் தேர்வாளர் முன் நிலைநாட்ட வேண்டும். இப்பணியில் தமிழுக்கும் ஓரிடம் உண்டு. நோயாளியின் தகுதிகளுள் ஒன்றாக, தன் நோய்நிலையை உணர்த்தும் ஆற்றலைப் பரிமேலழகர் கூறுகிறார். அவ்வாற்றல் மொழியின்றி அமையாது. 1975இல் ரொனால்ட் மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல், வலியைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கியது. நம் பாட்டிமார் குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், காந்தல், உளைச்சல் எனப் பிரித்துச் சொல்பவற்றை அச்சொற்களுக்கு நேராக வைத்துவிட இயலாது. எனவே ஆய்வாளர் வினாநிரலை ஒருவரைக் கொண்டு தமிழாக்கி, மூலத்தைக் காணாத மற்றொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட்டு, பின்னர் நோயாளிகளிடமே சோதித்துப் பார்க்கின்றனர்.

இதில் பிழை நேர்ந்தால், தமிழ் மட்டுமே அறிந்த முதியவரின் வலி ஆய்வேட்டில் தவறாகப் பதிவாகும். அதைக் கொண்டு வகுக்கப்படும் பராமரிப்பும் அவருக்குப் பொருந்தாது. குடைச்சலுக்கும் கடுப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவல்லவர்கள் தமிழாசிரியர்கள். தாதிமை பயிலவிருக்கும் மாணவர்கள் அவ்வேறுபாட்டை இப்போதே வகுப்பறையில் கற்றுக்கொள்ளலாம். அச்சொற்களை அறிந்த தாதி ஒருவர் நாளை ஆய்வு செய்ய முன்வரும்போது, நம் முதியோரின் குரலும் அவ்வாய்வில் இடம்பெறும்.