செஞ்சி டூ ராய்கட்: ஃப்ளைட்ல 2 மணி நேரம்தான்... ஆனா ஒரு நாள் ஆகும்!

2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல மராத்தியர்களோட 12 கோட்டைகள் சேர்ந்துச்சு. அதுல 11 மகாராஷ்டிராவுல இருக்கு. மிச்சம் ஒண்ணு, நம்ம செஞ்சி. தேசிங்கு ராஜா கோட்டைன்னே கேட்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் ஆச்சர்யம்தான். அப்போ சிவாஜியோட தலைநகரான ராய்கட்டையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாமேன்னு தோணுதா? முதல்ல தூரத்தைப் பார்த்துடலாம்.

ரெண்டு கோட்டைக்கும் நேர்க்கோட்டுல சுமார் 920 கி.மீ. பெங்களூரு, புனே வழியா ரோட்டுல போனா 1,200 கி.மீ. பக்கம் வரும். ஃப்ளைட்னா சென்னை - மும்பைதான். வான்வழியில ஏறத்தாழ 1,030 கி.மீ. மணிக்கு 800 கி.மீ.க்கு மேல பறக்குற விமானத்துக்கு டிக்கெட்ல ஏன் 2 மணி நேரம் போட்டிருக்காங்கன்னு கேட்கலாம். விமானம் நிக்குற இடத்துல இருந்து கிளம்பி, அங்கே போய் நிக்குற வரைக்கும் உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, மேலே ஏறுறது, இறங்குறது எல்லாம் அதுல அடக்கம்.

நம்ம கணக்கு இடிக்கிறது டிக்கெட்டுக்கு வெளியேதான். செஞ்சியில ரயில் நிலையம் கிடையாது. திருவண்ணாமலையில இருந்து வர்ற சென்னை பஸ்ஸைப் பிடிச்சு, திண்டிவனம் வழியா கிளாம்பாக்கத்துல இறங்கி விமான நிலையம் போகணும். 3 மணி நேரமாவது வெச்சுக்கோங்க. செக்-இன், செக்யூரிட்டிக்கு 2 மணி நேரம், ஃப்ளைட் 2 மணி நேரம். பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. அப்புறம் மும்பையில இருந்து ராய்கட் அடிவாரமான பாச்சாடுக்கு 170 கி.மீ. மாதிரி, மலைப்பாதையும் இருக்கு. அதுக்கே 4, 5 மணி நேரம். கூட்டிப் பார்த்தா 12 மணி நேரம்! நவி மும்பை விமான நிலையத்துக்கு டிக்கெட் கிடைச்சா எடுத்துடுங்க, மும்பை டிராஃபிக் மிச்சம்.

இதே வழியை ஒருத்தர் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு கடந்திருக்கார். 1689-ல அண்ணன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்னதும், ராய்கட்டை முகலாயப் படை வளைச்சது. சிவாஜியோட இளைய மகன் ராஜாராம் அங்கிருந்து தப்பி பன்ஹாலா கோட்டைக்குப் போனார். செப்டம்பர் கடைசியில அங்கிருந்தும் கிளம்பி, மாறுவேஷத்துல தெற்கே வந்தார். வழியில கேளடி ராணி சென்னம்மா அடைக்கலம் கொடுத்தாங்க. அதுக்காக ஔரங்கசீப்போட படையையே எதிர்க்க வேண்டியிருந்துச்சு அவங்களுக்கு. வேலூர் வழியா ராஜாராம் செஞ்சிக்கு வந்து சேர்ந்தது நவம்பர்ல. பன்ஹாலாவுல இருந்து மட்டுமே ஒரு மாசத்துக்கு மேல!

ராய்கட்டை வளைச்ச அதே தளபதி ஜுல்பிகர் கான் பின்னாடியே செஞ்சிக்கும் வந்துட்டார். 1690-ல தொடங்கின முற்றுகை 1698 வரைக்கும் இழுத்துச்சு. கோட்டை விழுந்தப்போ ராஜாராம் உள்ளே இல்லை. அதுக்குள்ள நழுவி மகாராஷ்டிராவுக்கே போயிட்டார்.

நீங்க போறதா இருந்தா மூணு நாள் லீவு போடுங்க. முதல் நாள் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ராஜகிரி ஏறி இறங்கிட்டு, ராத்திரி ஃப்ளைட் பிடிங்க. கால் வலிக்குமேன்னு கவலை வேண்டாம். ராய்கட்ல ரோப் கார் இருக்கு. செஞ்சியிலதான் இல்லை.