முந்தல் கரையும் மின்னஞ்சற் சுவடிகளும்: இலங்கையில் ஆவணம் பேணுதலின் வரலாறு

ஓர் அலுவலகத்தின் கடிதத்தை எத்தனை ஆண்டு காத்துவைத்தல் வேண்டும், எவருடைய அனுமதியின்மேல் அதனை அழிக்கலாம் என்னும் வினாவுக்கு விடைகூறும் அதிகாரம் இலங்கையில் எவரெவர் கையில் இருந்துவந்தது என்பதைக் காலக்கிரமமாக ஆராய்வோமாயின், காகிதத்தின் காலத்தில் அவ்வதிகாரம் படிப்படியாக ஒரு ஸ்தாபனத்தின் பொறுப்பாக உறுதிபெற்றதையும், மின்னஞ்சலின் காலத்தில் அது கடிதத்தைப் பெற்ற தனி உத்தியோகத்தரின் விரல் நுனிக்கு வந்துசேர்ந்ததையும் காணலாம்.

ஒல்லாந்தர் கம்பெனியார் 1640 முதல் 1796 வரை எழுதிவைத்தவற்றுள் சுமார் 7,000 தொகுதிகள் இன்றும் கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்தில் உள்ளன. குடிகளையும் காணிகளையும் பதிந்த தோம்புகள் காணி வழக்குகளிற் சாட்சியமாக வேண்டப்பட்டமையால், பின்வந்த ஆங்கிலேயர் அவற்றைப் புறக்கணிக்க இயலாதவராயினர். ஆவணம் உயிர்தரித்தது அதன் பிரயோஜனத்தினாலேயே. 1902ஆம் ஆண்டில் அரசாங்கச் சுவடிக் காப்பாளராக நியமனம் பெற்ற ஆர். ஜி. அந்தோனிஸ், அவ்வொல்லாந்தப் பதிவேடுகளைப் பற்றிய அறிக்கையை 1907இல் வெளியிட்டார். அதற்கும் முன்னரே, கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச் செட்டி 1834இல் இலங்கையின் ஊர்களைப் பற்றிய தம் அகராதியை அச்சேற்றினார் என்பதைப் புத்தளக் கரையோரத்தார் பெருமிதத்தோடு நினைவுகூரலாம். 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிக்கூடச் சட்டம் வந்தபின், பணிப்பாளரின் அனுமதியின்றி அரச ஆவணத்தை அழித்தல் ஆகாது என்பது நியதியாயிற்று.

இலத்திரனியற் பதிவுகளைப் பொறுத்தமட்டில், கணினிச் சாட்சியத்தை நீதிமன்றில் ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமோ, மின்வடிவம் என்ற ஒரே காரணத்தால் ஓர் ஆவணத்தின் சட்ட வலுவை மறுக்கலாகாதென விதித்ததோடு, பேணுதலுக்கு உரிய இலக்கணத்தையும் வகுத்தது. பிற்காலத்தில் எடுத்து வாசிக்கத்தக்கதாய், தோன்றிய வடிவத்தைப் பிழையின்றிக் காட்டுவதாய், எங்கிருந்து எங்கு எந்நேரத்திற் சென்றது என்ற குறிப்புகளோடு கூடியதாய் இருந்தாலே ஒரு மின்னஞ்சல் பேணப்பட்டதாகும். கடிதத்தின் வாசகத்தை மாத்திரம் அச்சிட்டுக் கோவையிற் சேர்ப்பதால் இந்நிபந்தனைகள் முழுமையாக நிறைவேறா என்பது எமது அபிப்பிராயம்.

இவ்விதிகளின் உண்மையான கனத்தை அறிய முந்தல் போன்ற ஒரு பிரதேசத்தையே நோக்க வேண்டும். கால்வாயினாற் புத்தளம் களப்போடு இணைந்த முந்தல் ஏரியின் ஓரங்களில் 1980களின் பின் இறால் பண்ணைகள் பெருகின. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது இக்கரையின் பண்ணைகள் பல பாழடைந்தன. எந்த நிலம் எவருக்கு, எத்தகைய நிபந்தனையோடு வழங்கப்பட்டது, கண்டலை வெட்ட எவர் இசைந்தார், கழிவுநீர் எவ்வழி செல்லவிருந்தது என்ற வினாக்கள் பண்ணை மூடப்பட்டபின்னும் தீர்வதில்லை. அரச காணியின் நீண்டகாலக் குத்தகை வழமையாக 30 ஆண்டுக்கு உரியது. அத்தகைய காணிக் கோவையில், வந்த கடிதமும் அதன்மேல் எழுதிய குறிப்பும் அனுப்பிய பதிலும் இலக்கமிட்ட தாள்களாய்த் தொடர்ந்து நிற்பதனால், இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர் போனபின்னும் வருபவர் விஷயத்தை அறிவார். கடிதம் மின்னஞ்சலாக, அதிலும் தனிப்பட்ட கணக்கொன்றில் வந்துவிட்டால், அவர் போகும்போது அதுவும் உடன்போய்விடுகிறது. அழித்தவர் ஒருவருமில்லை, ஆயினும் ஆவணம் இல்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம், மின்னஞ்சலையும் தகவலென்று பெயர்சொல்லி உள்ளடக்கிற்று. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இருந்த பதிவுகளை அன்றிலிருந்து 10 ஆண்டுக்கும், பின்னர் உண்டானவற்றை உண்டான நாளிலிருந்து 12 ஆண்டுக்கும் குறையாமற் பேணுமாறும், விண்ணப்பமோ மேன்முறையீடோ நிலுவையிலிருக்கையில் அவற்றை அழிக்காதிருக்குமாறும் அது பணித்தது. இஃது அடித்தளம் மாத்திரமே. 30 ஆண்டுக் குத்தகையின் கடிதத்தைப் பன்னிரண்டாம் ஆண்டில் அழிப்பது நியாயமாகாது.

விதி இருந்தும் வினை தவறிய துயரம் 2023இல் நேர்ந்தது. இலங்கை அரசின் மேகக் கணிமைத் தளத்தை ஓகஸ்ட் மாதத்திற் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள், அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்படச் சுமார் 5,000 கணக்குகளில் இழக்கப்பட்டன. மென்பொருள் 2013ஆம் ஆண்டின் பழைய பதிப்பாயிருந்தது. அக்காலப்பகுதிக்கு வலையமைப்பிலிருந்து பிரித்துவைத்த பிரதியும் இருக்கவில்லை. அத்தினங்களின் அரச நிருவாகத்தை நாளை ஆராய்பவருக்கு, ஒல்லாந்தர் காலத்துக்குக் கிடைக்கும் அளவு சான்று கூடக் கிடைக்குமோ என ஐயுறுகிறோம்.

மறுபுறத்தே, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரைப் பற்றிய தரவைத் தேவைக்கு மேலான காலம் வைத்திருத்தல் ஆகாதென்கிறது. ஆதலால் அனைத்தையும் குவித்துவைத்தலும் வழியாகாது. காணி, நிவாரணம், நியமனம் என விஷயந்தோறும் காலவரையறை குறித்து, கடிதம் வந்த அன்றே அதனை உரிய வகையிற் சேர்த்தல் அவசியம். தகவலுரிமைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்த 2017 பெப்ரவரி 3ஆம் திகதியிலிருந்து கணக்கிட்டால், அதற்கு முற்பட்ட பதிவுகளின் பத்தாண்டுக் காப்பு 2027 பெப்ரவரியிலும், அதன்பின் முதலில் உண்டான மின்னஞ்சல்களின் காப்பு 2029இலும் முடிவுறும். அதன்மேல் 1973ஆம் ஆண்டுச் சட்டமே அவற்றுக்கு அரணாக நிற்கும். எனவே அழிக்க அனுமதி கோரும் விண்ணப்பங்கள் சுவடிக்கூடத்தை அடையுமுன்பே, பிரதேச செயலகங்கள் தத்தம் மின்னஞ்சற் கணக்குகளிற் கிடப்பவை யாவை என்று அட்டவணைப்படுத்தத் தொடங்குதல் வேண்டும்.