இரண்டு வார ராஜா

நம்மில் பல வீடுகளில் அண்ணனோ அக்கா பையனோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். செப்டம்பர் பிறந்தால் போனில் அவர்கள் பேச்சே மாறிவிடும். சீசன் தொடங்கி இரண்டே வாரத்தில், "எங்க டீம் குவார்ட்டர்பேக் தேறமாட்டான் சித்தப்பா" என்று தீர்ப்பு வந்துவிடும். என்எஃப்எல் கால்பந்தில் இந்த அவசரத் தீர்ப்புகளுக்கென்று ஒரு சரித்திரமே உண்டு. அதில் என்னைக் கவர்ந்த வருடம் 1998. வங்கிக்காரன் புத்தி, கணக்கோடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும். பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வரும். எதிரணித் தடியர்கள் பாய்ந்து வருவதற்குள், யாருக்கு எறிவது என்று ஓரிரு விநாடியில் அவர் முடிவெடுக்க வேண்டும். எறிந்ததை எதிரணி பிடித்துவிட்டால் அது இன்டர்செப்ஷன். அவர் பெயரில் எழுதப்படும் வாராக்கடன்.

அந்த வருடம் ஏப்ரலில் நடந்த டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் நாளில், எங்கும் இரண்டு பெயர்கள்தான். ஒருவர் டென்னஸி பல்கலைக்கழகத்தின் பெய்டன் மானிங். அப்பா ஆர்ச்சி மானிங்கும் குவார்ட்டர்பேக்தான். இன்னொருவர் வாஷிங்டன் ஸ்டேட்டின் ரையன் லீஃப். மானிங் பழுத்த பழம், ஆனால் கைவலுவில் லீஃப்தான் பெரிய ஆள், போகப்போக அவரே மிஞ்சுவார் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். முதல் இடத்தில் இருந்த இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் மானிங்கை எடுத்தது. சான் டியேகோ சார்ஜர்ஸ் மூன்றாம் இடத்தில் இருந்தது. ஒரே ஒரு படி மேலே ஏற அது அரிசோனாவுக்குக் கொடுத்ததைக் கேளுங்கள்: அந்த மூன்றாம் இடம், அதே வருடத்தின் இரண்டாம் சுற்று, அடுத்த வருடத்தின் முதல் சுற்று, போதாததற்கு இரண்டு வீரர்கள். லீஃப் கையெழுத்துப் போட்டதற்கு மட்டும் 1 கோடியே 12.5 லட்சம் டாலர்.

செப்டம்பர் வந்தது. முதல் ஆட்டத்தில் மயாமியிடம் மானிங் 24-15 என்று தோற்றார். 302 யார்டு எறிந்தார், கூடவே 3 இன்டர்செப்ஷன். பிறகு 29-6, 44-6, 19-13 என வரிசையாகத் தோல்விகள். அங்கே சான் டியேகோவில் லீஃப் முதல் இரண்டு ஆட்டமும் ஜெயித்தார். இரண்டு வார முடிவில் ஒருவர் 2-0, மற்றவர் 0-2. எடுக்க வேண்டியவரை விட்டுவிட்டார்களே என்று பேச ஆரம்பிக்க இது போதாதா?

ஸ்கோரைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். லீஃப் ஜெயித்தது 16-14, 13-7 என்ற கணக்கில். அதாவது சார்ஜர்ஸ் தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து விட்டுக்கொடுத்தது 21 புள்ளி. மானிங்கின் முதல் நான்கு ஆட்டங்களில் கோல்ட்ஸ் விட்டுக்கொடுத்தது 116. எங்கள் கிளைகளில் இதைப் பார்த்துப் பழக்கம். மார்ச் 31 அன்று ஒரே ஒரு பெரிய பார்ட்டி டெபாசிட் போட்டுவிடும், மேனேஜர் மாலையும் கழுத்துமாக நிற்பார். ஏப்ரலில் பணம் போய்விடும் :-)

மூன்றாவது வாரமே லீஃபின் டெபாசிட் போனது. கன்சாஸ் சிட்டியில் 15 முறை எறிந்தார், சேர்ந்தது ஒன்று. மொத்தம் 4 யார்டு. 2 இன்டர்செப்ஷன். குவார்ட்டர்பேக்குகளுக்கு 0 முதல் 158.3 வரை போடும் மதிப்பெண்ணில் அன்று அவருக்குக் கிடைத்தது சுத்தமான பூஜ்யம். மறுநாள் உடைமாற்றும் அறையில் ஒரு நிருபரிடம் கத்தினார். அது கேமராவில் பதிவாகி ஊரெல்லாம் ஓடியது.

அக்டோபர் 4 அன்று இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். மானிங் 17-12 என்று ஜெயித்தார், முதல் வெற்றி. பிரமாதமாக ஒன்றும் ஆடிவிடவில்லை. அந்த சீசனில் அவர் எறிந்த இன்டர்செப்ஷன் 28, புதுமுகங்களில் இன்றுவரை அதுதான் அதிகம். யாராவது அதை முறியடித்துத் தொலைக்க மாட்டார்களா என்று அவரே கிண்டலாகச் சொல்வதுண்டு. ஆனாலும் கோல்ட்ஸ் அவரை 16 ஆட்டத்திலும் இறக்கியது. 3,739 யார்டு, 26 டச்டவுன். அன்றைக்கு அவையும் புதுமுகச் சாதனைகள். சான் டியேகோவிலோ அக்டோபரிலேயே பயிற்சியாளர் கெவின் கில்பிரைடுக்குச் சீட்டுக் கிழிந்தது. நவம்பரில் லீஃப் பெஞ்சுக்குப் போனார்.

வேடிக்கை என்னவென்றால், வருட முடிவிலும் வெற்றிக் கணக்கில் சார்ஜர்ஸ்தான் மேலே. அவர்கள் 5-11, கோல்ட்ஸ் 3-13. அடுத்த வருடம் கோல்ட்ஸ் 13-3. லீஃப் தோள்பட்டைக் காயத்தால் அந்த வருடம் முழுக்க ஆடவில்லை. 2000-ல் சார்ஜர்ஸ் 1-15, அதற்குப் பின் அவரை அனுப்பிவிட்டார்கள்.

ஆரம்பத் தீர்ப்பெல்லாம் தப்பு, பொறுமைதான் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கன்சாஸ் சிட்டி ஆட்டத்தைப் பார்த்து இவர் தேறமாட்டார் என்றவர்கள் சொன்னது மூன்றாவது வாரத்திலேயே சரியாகத்தான் இருந்தது. ஏமாந்தவர்கள் வெற்றி-தோல்விக் கட்டத்தை மட்டும் பார்த்தவர்கள். பதினோரு பேர் தடுத்து ஜெயித்ததை ஒருவர் பெயரில் வரவு வைத்தார்கள். இன்னொருவர் எறிந்த 302 யார்டை யாரும் எண்ணவில்லை.

மானிங் 2016-ல் ஓய்வுபெற்றபோது கையில் இரண்டு சூப்பர் பவுல், ஐந்து முறை சிறந்த வீரர் விருது. லீஃபின் கதை வேறு. வலி மாத்திரைப் பழக்கம், திருட்டு வழக்கு, 2014 டிசம்பர் வரை மொன்டானாவில் சிறை. வெளியே வந்தபின் பழக்கத்தை விட்டு மீண்டார். போதையிலிருந்து மீள நினைப்பவர்களிடையே பேசுகிறார். பிறகு ஆட்ட விமர்சகராகவும் மைக் முன்னால் உட்கார்ந்தார். புதுப் பையன்கள் எப்படி எறிகிறார்கள் என்று சொல்வது அவருக்கும் வேலையானது.