நெடுஞ்சாலையில் ஒரு நாய்

ஒரேகான் கடற்கரையில் ஜூலை மாதம் கூடாரம் போட வேண்டுமென்றால் ஜனவரியிலேயே முழித்துக்கொள்ள வேண்டும். மாநிலப் பூங்காக்களின் முகாம் இடங்களுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். தத்கால் டிக்கெட் எடுத்துப் பழகிய விரல்கள் என்பதால் ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பூங்காவில் எனக்கு மூன்று இரவுகள் சிக்கின. கொலம்பியா நதி பசிபிக்கில் கலக்கும் மூலை அது. போர்ட்லண்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்.

போகிறவர்கள் நான், என் மனைவி, சுண்டல். சுண்டல் எங்கள் நாய். காப்பகத்திலிருந்து வந்த அன்று வேகவைத்த கொண்டைக்கடலை நிறத்தில் இருந்தாள், பெயர் ஒட்டிக்கொண்டது. வேதாரண்யத்தில் இருக்கும் அம்மாவிடம் போனில் திட்டத்தைச் சொன்னேன்.

“நாயக் கூட்டிட்டுப் போயி கடக்கரையில படுக்கப் போறியா? ஏன்டா, அங்க வாடக வீட்டுல எடம் இல்லையா?”

அம்மாவுக்குப் பதில் சொல்வதைவிடச் சிரமமான கேள்வி ஒன்று எனக்கே இருந்தது. சுண்டலை மணலில் அவிழ்த்துவிடலாமா, கூடாதா? விதிகளைத் தேடினேன். முகாமுக்குள் ஆறடிக் கயிறு கட்டாயம். கடற்கரையில் பெரும்பாலான இடங்களில், சொன்ன பேச்சைக் கேட்கிற நாய் என்றால், அவிழ்த்துவிடலாம். தெற்கே கலிபோர்னியாவில் பல கடற்கரைகளில் நாய்க்கு அனுமதியே கிடையாது. வடக்கே வாஷிங்டனில் அலை ஏறி இறங்கும் நிலத்தின் கணிசமான பகுதி தனியார் சொத்து. நடுவில் ஒரேகானில் மட்டும் ஏறத்தாழ 360 மைல் கரை முழுக்க எல்லாருக்கும் பொது. எப்படி? ஒரு வார இறுதியில் படித்து முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று மாதம் ஓடிவிட்டது.

முதல் பதில் 1913இல் இருக்கிறது. அப்போது ஒரேகானின் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட். அதற்கு முன்பே மாநில அரசு கடற்கரையின் சில துண்டுகளைத் தனியாருக்கு விற்க ஆரம்பித்திருந்தது. வெஸ்ட் அதை நிறுத்த நினைத்தார். ‘கடற்கரையைக் காப்பாற்றுவோம்’ என்று மசோதா கொண்டுபோனால் சட்டமன்றத்தில் எடுபடாது என்பதும் அவருக்குத் தெரியும். எனவே கடற்கரையை நெடுஞ்சாலை என்று அறிவித்துவிட்டார். மிகச் சிறிய மசோதா. கொலம்பியா நதியிலிருந்து கலிபோர்னியா எல்லை வரை, ஏற்றக்கோட்டுக்கும் இறக்கக்கோட்டுக்கும் நடுவிலுள்ள ஈரமணல் முழுக்க இனிப் பொது நெடுஞ்சாலை. வரி கொடுப்பவனுக்குப் பத்துப் பைசா செலவில்லாமல் நூற்றுக்கணக்கான மைல் சாலை கிடைக்கிறதே என்று உறுப்பினர்கள் கை தூக்கினார்கள். அதில் பொய்யும் இல்லை. மலை நேராகக் கடலில் இறங்கும் அந்த ஊர்களுக்கு வண்டியும் தபாலும் அலை இறங்கிய நேரம் பார்த்து மணல்மேல்தான் போய்க்கொண்டிருந்தன. எங்கள் தொழிலில் இதை ‘டைப் காஸ்டிங்’ என்போம். ஒன்றின் வகையை மட்டும் மாற்றி அறிவித்தால் போதும், அந்த வகைக்கென்று ஏற்கெனவே எழுதிவைத்த பாதுகாப்பெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் வெஸ்ட்டின் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஈரமணல்தான் நெடுஞ்சாலை. அதற்குமேலே துண்டு விரித்து உட்காருகிற, பிள்ளைகள் வீடு கட்டுகிற உலர் மணலைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. அரை நூற்றாண்டு யாரும் இதைக் கவனிக்கவில்லை. 1966 கோடையில் கேனன் பீச் ஊரில் ஒரு விடுதிக்காரர் தன் விடுதிக்கு முன்னாலிருந்த உலர் மணலில் மரக்கட்டைகளை வேலி மாதிரி போட்டு, எங்கள் விருந்தினர் மட்டும்தான் இங்கே உட்காரலாம் என்றார். விரட்டப்பட்டவர்கள் அரசுக்குப் புகார் எழுத, விஷயம் சட்டமன்றத்துக்கு வந்தது. கடற்கரை மசோதா குழுவில் சிக்கிச் சாகக் கிடந்தபோது ஆளுநர் டாம் மெக்கால் 1967 மே மாதம் ஹெலிகாப்டரில் பத்திரிகைக்காரர்களோடு கரையில் போய் இறங்கினார். பொதுமணல் எதுவரை என்று நில அளவைக்காரர்களை வைத்து அங்கேயே அளந்து காட்டினார். நாடகம்தான். ஆனால் பலித்தது. ஜூலை 6 அன்று மசோதா சட்டமானது. செடி முளைக்கும் கோடுவரை உள்ள மணலில் மக்களுக்குப் புழங்கும் உரிமை உறுதியாயிற்று.

விடுதிக்காரர் விடவில்லை. பத்திரத்தில் என் பெயர்தானே இருக்கிறது என்று நீதிமன்றம் போனார். 1969இல் ஒரேகான் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நான் இரண்டு தடவை படித்தேன். நிலம் உன்னுடையதாகவே இருக்கட்டும், வேலி மட்டும் போடாதே என்றது நீதிமன்றம்.  பழைய ஆங்கிலேயக் கோட்பாடு ஒன்றைத் தோண்டி எடுத்தது. வழக்கம். ஒரு நிலத்தை ஊரார் நினைவுக்கெட்டாத காலமாக, இடைவிடாமல், அமைதியாக, நியாயமாகப் பயன்படுத்தி வந்திருந்தால் அந்த வழக்கமே சட்டம். தமிழில் வழக்கத்துக்கும் கோர்ட் கேஸுக்கும் ‘வழக்கு’ என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். யார் வைத்தார்களோ, விஷயம் தெரிந்தவர்கள். (அதே பொருளுள்ள ‘மாமூல்’ நம்மூரில் எங்கே போய் நின்றது என்பது வேறு கதை.)

நினைவுக்கெட்டாத காலம் என்பது இங்கிலாந்துக்குச் சரி. 1859இல் மாநிலமான ஒரேகானுக்கு அவ்வளவு நீண்ட நினைவு ஏது? நீதிமன்றம் இதற்கும் பதில் வைத்திருந்தது. முதல் ஐரோப்பியர்கள் வந்தபோதே இங்கிருந்த பூர்வகுடிகள் அலைக்கரையில் மட்டி தோண்டிக்கொண்டும் உலர் மணலில் அடுப்பு மூட்டிக்கொண்டும் இருந்தார்கள், வந்தவர்கள் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார்கள் என்று எழுதியது.

இந்த இடத்தில் நின்றுவிட்டேன். என் நாய் ஓடப்போகிற உரிமை யாரோ மூட்டிய அடுப்பிலிருந்து வருகிறது. யார் அவர்கள்?

ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் இருக்கும் மூலையில் வாழ்ந்தவர்கள் கிளாட்சாப் மக்கள். தெற்கே, கேனன் பீச் பக்கம் டில்லமூக் மக்கள். அவர்களைப் பற்றி நாள்வாரியாக எழுதிவைத்தது 1805 குளிர்காலத்தில் அங்கே வந்து தங்கிய ஒரு ராணுவக் குழு. அதிபர் ஜெஃபர்சன் அனுப்பிய லூயிஸ், கிளார்க் என்ற இரண்டு தலைவர்கள், அவர்களோடு முப்பது சொச்சம் பேர், ஒரு நாய்.

நாயின் பெயர் சீமன், கடலோடி என்று அர்த்தம். நியூஃபவுண்ட்லாந்து இனம். மெரிவெதர் லூயிஸ் 20 டாலர் கொடுத்து வாங்கியது. கிழக்கிலிருந்து மேற்குக் கடல்வரை மொத்தத் தூரமும் வந்தது. வழியில் ஒரு பூர்வகுடி ஆள் மூன்று பீவர் தோல் தருகிறேன், நாயைக் கொடு என்று கேட்டும் லூயிஸ் கொடுக்கவில்லை. பாவம், வரலாற்றாசிரியர்கள் வெகு காலம் இதன் பெயரை ‘ஸ்கேனன்’ என்றே எழுதிவந்தார்கள். கையெழுத்தைத் தப்பாக வாசித்த கோளாறு. மொன்டானாவில் ஓர் ஓடைக்கு லூயிஸ் ‘சீமன் ஓடை’ என்று பெயர் வைத்திருந்ததைக் கவனித்து, 1980களில் டொனால்ட் ஜாக்சன் என்ற ஆய்வாளர்தான் திருத்தினார்.

கிளாட்சாப் மக்களின் பெயரையே வைத்து ஒரு மரக்கோட்டை கட்டிக்கொண்டு குழு குளிர்காலத்தைக் கழித்தது. தங்கிய 106 நாளில் மழை பெய்யாத நாள் 12. இறைச்சி அழுகியது. உப்பு தீர்ந்துபோக, சில ஆட்கள் தெற்கே இன்றைய சீசைட் ஊருக்குப் போய், ஐந்து கொப்பரைகளில் கடல்நீரை இரவும் பகலும் காய்ச்சினார்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை.

“உப்பப் போயி வெறகு வச்சுக் காச்சுவாங்களா? பாத்தி கட்டி விட்டா வெயிலு பாத்துக்காது?”

வெயில் இருந்தால்தானே அம்மா.

ஜனவரியில் கேனன் பீச்சில் திமிங்கலம் ஒன்று ஒதுங்கியது. கிளார்க் ஒரு குழுவோடு மலையேறி இறங்கிப் போய்ப் பார்த்தார். அதற்குள் டில்லமூக் மக்கள் அதை எலும்புவரை உரித்துவிட்டிருந்தார்கள். மரத்தொட்டியில் கொழுப்பைப் போட்டு, நெருப்பில் பழுத்த கற்களை அதில் இட்டு உருக்கிக்கொண்டிருந்தார்கள். கிளார்க் பேரம் பேசி 300 பவுண்டு கொழுப்பு வாங்கித் திரும்பினார். நூற்றாண்டு கடந்து நீதிமன்றம் சொன்ன அடுப்பு இதுதான். விடுதிக்காரர் வேலி போட்டதும் இதே ஊர்க் கரையில்.

நாய்ப் பிரியர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம். சீமனைத் தன்னோடு வைத்திருந்த குழு மற்ற நாய்களைத் தின்றது. கொலம்பியா நதிக்கரைக் கிராமங்களில் விலை கொடுத்து வாங்கித் தின்ற நாய்கள் மொத்தப் பயணத்தில் நூற்றுக்கு மேல். மெலிந்த மான் கறியைவிட நாய்க்கறி எவ்வளவோ மேல், ஆட்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று லூயிஸ் எழுதுகிறார். கிளார்க்குக்குக் கடைசிவரை அந்த ருசி பிடிக்கவில்லை. திரும்பும் வழியில் நெஸ் பெர்ஸ் ஆள் ஒருவன், நாய் தின்கிறவனே என்று கிண்டலாக ஒரு நோஞ்சான் குட்டியை லூயிஸின் தட்டில் வீசினான். லூயிஸ் குட்டியைப் பிடித்து அவன் முகத்திலேயே திருப்பி எறிந்து கோடரியைத் தூக்கினார். ஒரு கையால் சீமனைத் தடவிக்கொடுத்த மனிதர். எனக்கு இதில் பெரிய முரண் தெரியவில்லை. ஆடு வளர்க்கும் எந்த வீட்டிலும் பார்க்கலாம்.

என்னை உறுத்தியது வேறு. பிப்ரவரியில் கிளாட்சாப் ஆட்கள் சிலர், குழு வேட்டையாடிப் போட்டிருந்த எல்க் மான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சில நாளில் ஒருவர் தாமாகவே வந்து, தப்புக்கு ஈடாக மூன்று நாய்களைக் கொண்டுவந்தார். நாய்கள் மிரண்டு ஓடிவிட்டன. நடந்தது இவ்வளவுதான், ஆனால் ஈடு கட்ட வந்தது ஏட்டில் இருக்கிறது. மார்ச்சில் ஊர் திரும்பப் படகு வேண்டும். கிளாட்சாப் படகு நல்ல படகு, விலை அதிகம். மான் திருடினார்களே, அதற்குப் பதிலாகப் படகை எடுத்துக்கொள்வோம் என்று தலைவர்கள் முடிவுசெய்தார்கள். ஆட்கள் போய் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அன்று பார்த்து கிளாட்சாப் தலைவர் கோபவே கோட்டையில் விருந்தாளி. அவர் கண்ணில் படாமல் படகை ஒளித்துவைத்ததை ஆர்ட்வே என்ற சார்ஜென்ட் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். நான்கு நாள் கழித்து, இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தப் பூர்வகுடியும் இவர் அளவுக்கு எங்களிடம் அன்பாக இருந்ததில்லை என்று லூயிஸ் அதே கோபவேயைப் புகழ்ந்து, கோட்டையை அவருக்கே கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 11, நதியின் மேற்பகுதியில் சீமனை மூன்று பேர் திருடிக்கொண்டு போனார்கள். லூயிஸ் மூன்று ஆட்களை விரட்டி அனுப்பினார். உத்தரவு என்ன? தர மறுத்தால் சுடு. பார்த்தவுடன் திருடர்கள் நாயை விட்டுவிட்டு ஓடிவிட்டதால் யாரும் சாகவில்லை. நாய் போன விஷயத்தை லூயிஸுக்குச் சொன்னது, கிளாட்சாப் மொழி பேசத் தெரிந்த ஒரு பூர்வகுடி ஆள்.

சுண்டலை யாராவது தூக்கிக்கொண்டு போனால் நானும் என்னவாவேன் என்று தெரியாது. லூயிஸின் கோபம் எனக்குப் புரிகிறது. படகுக்காரனுக்கு அந்தக் கோபம் வந்திருந்தால் என்ற யோசனை மட்டும் அவருடைய நாட்குறிப்பில் எங்கேயும் வரவில்லை. 2011இல் கிளார்க்கின் வம்சாவளியினர், பழைய மாதிரியில் ஒரு படகு செய்து சினூக் மக்களிடம் ஒப்படைத்தார்கள். 205 வருஷம் ஆயிற்று.

மிச்சக் கதை சீக்கிரம் முடிந்துவிடும். நோயில் பெரும்பகுதி மக்கள் செத்தார்கள். 1851 ஆகஸ்டில், எங்கள் முகாமிலிருந்து சில மைல் தள்ளி டான்சி பாயின்ட் என்ற இடத்தில், மிஞ்சிய கிளாட்சாப் மக்களோடு அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்டது. வாஷிங்டனில் செனட் அதை ஏற்கவே இல்லை. ஒப்பந்தம் செல்லாது, நிலம் மட்டும் போனது போனதுதான். கிளாட்சாப்-நெஹேலம் மக்களுக்கு ஒரு பூர்வகுடி இனமாக மத்திய அரசின் அங்கீகாரம் இன்றுவரை கிடையாது. அவர்களுடைய அடுப்பு மட்டும் 1969இல் சாட்சி சொல்லி வழக்கை ஜெயித்தது. அமைதியான புழக்கம் என்பது அந்தக் கோட்பாட்டின் ஒரு நிபந்தனை என்று மேலே சொன்னேன். தீர்ப்பு அந்த வார்த்தையை எளிதாகக் கடந்துபோகிறது.

இனி சுண்டல் விஷயம். மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை சில கரைப்பகுதிகளில் கயிற்றோடுகூட நாய் வரக்கூடாது, பட்டமும் விடக்கூடாது. காரணம் ஸ்னோவி ப்ளோவர் என்ற உள்ளங்கையளவுப் பறவை. உலர் மணலில் சின்னக் குழி பறித்து முட்டையிடும். நாயைக் கண்டால் முட்டையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடும், காக்கை வந்து கொத்திவிடும். 1993இல் இங்கே அருகிவரும் இனமாக அறிவித்தார்கள். படத்தைப் பார்த்ததும் தெரிந்த முகமாக இருந்தது. கோடிக்கரை உப்பளங்களில் குடுகுடுவென்று ஓடுமே உப்புக்கொத்தி, அதற்குப் பங்காளி. சில வருஷம் முன்புவரை இரண்டையும் ஒரே இனம் என்றுதான் வைத்திருந்தார்கள். நாய்க்காரர்கள் சிலருக்கு இந்தத் தடையில் கோபம் உண்டு. கரை எல்லாருக்கும் பொது இல்லையா என்கிறார்கள். நெருப்பு மூட்டியவனுக்கு முன்பே குழி பறித்தது இதுதான் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. தடைப்பகுதிகளைப் போன் வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டேன்.

திட்டம் இப்போதைக்கு இப்படி. முதல் நாள் கூடாரம். மணலுக்கு நீள முளை, காற்று வடமேற்கிலிருந்து. இரண்டாம் நாள், மறுபடி கட்டிவைத்திருக்கும் பழைய கோட்டையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து கடல்வரை ஆறரை மைல் காட்டுப்பாதை. லூயிஸின் ஆட்கள் நடந்த பக்கம். பாதை போய் முடிகிற சன்செட் பீச்சில் இன்றைக்கும் மணல்மேல் கார் ஓட்டலாம். வெஸ்ட்டின் நெடுஞ்சாலை அங்கே உள்ளபடியே நெடுஞ்சாலைதான். அதனால் அவ்விடத்தில் கயிற்றை அவிழ்ப்பதாக இல்லை.

நேற்று அம்மா கேட்டாள்: “அடுப்பு மூட்ட விடுவாங்களா அங்க?”

விடுவார்கள். வெறும் மணலில், கட்டைக் குவியலுக்குத் தள்ளி, சின்னதாக. கோடை காய்ந்துபோனால் தடை வரும், கிளம்புகிற அன்று காலையில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.