கள்ளி: ஒரு பெயரின் வரலாறு

'கள்ளி' என்னும் சொல்லுக்குக் 'காக்டஸ்' என்று பொருள் கூறுவது நம் வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்டது. வரலாறு அதற்கு உடன்படவில்லை. முள் நிறைந்த காக்டஸ் செடிகளின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். 1492இல் கொலம்பஸ் அங்குச் சென்ற பின்னரே அவை ஆசியாவை அடைந்தன. சங்க நூலாகிய குறுந்தொகையோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கள்ளிக்காட்டைப் பாடுகிறது. ஆகவே பழந்தமிழர் கண்ட கள்ளி வேறு. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, கொம்புக்கள்ளி போன்ற பால் வடியும் செடிகளே அவை. பின்னாளில் வந்த காக்டஸைத் தமிழர் 'சப்பாத்திக்கள்ளி' என்று அழைத்தனர்; மயக்கம் அங்கே தொடங்கியது.

கள்ளியினத்தை அறிவியல் 'யூபோர்பியா' என்கிறது. மௌரித்தானிய மன்னர் இரண்டாம் ஜூபா, தம் மருத்துவர் யூபோர்பஸின் பெயரை ஒரு செடிக்குச் சூட்டினார் என்பது பிளினி தரும் செய்தி. 1753இல் லின்னேயஸ் கொம்புக்கள்ளிக்கு 'யூபோர்பியா திருக்கள்ளி' என்று பெயரிட்டார். பின்பாதியை அவருக்கு அளித்தது, ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்'. மலையாளக் கரையின் செடிப் பெயர்களை அந்நூலுக்கு உரைத்தோருள் இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர் குறிப்பிடத்தக்கவர். 'கள்ளி' தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுச்சொல்.

தேக்கா முதல் புறநகர்வரை வீவக தாழ்வாரங்களில் செம்பூக்களுடன் வளரும் மடகாஸ்கர் முட்செடி யூபோர்பியாவே. அதன் பால் கண்ணுக்குக் கேடு, ஒடிக்க வேண்டா. காக்டஸின் முட்கள் பஞ்சு போன்ற சிறு திட்டுகளிலிருந்து கிளம்பும். கள்ளியில் அத்திட்டுகள் இல்லை. கரையோரப் பூந்தோட்டங்களின் கண்ணாடிக் கூடத்தில் இரண்டையும் ஒப்பிடலாம். உலக அறிவியல் ஏற்ற ஒரு சொல்லை, அதன் சரியான பொருளோடு மாணவரிடம் சேர்ப்பது நம் கடமை.